விஜயதசமியன்று எழுந்த புகை

எங்கள் ஊர் மிருதங்கத்தில் தேயிலை வாசம் அடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து கச்சேரிக்கு வந்த வயலின்காரர் ஒருவர் மேடையிலேயே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்குள்ள டீத்தூள் கீது கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. டீத்தூள் ஒன்றும் கட்டவில்லை. ஆனால் வாசத்துக்குக் காரணம் இருந்தது.

குன்னூரில் நவராத்திரி என்றால் மூடுபனியும் தூறலும்தான். தோல் வாத்தியத்துக்கு ஈரம் ஆகாது. மதியம் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்து வைத்தால், சாயங்காலம் எடுக்கும்போது முக்கால் கட்டை இறங்கி, தொங்கிப்போய் நிற்கும். கரி அடுப்பில் சூடு காட்டலாமே என்பார்கள் கீழ்நாட்டுக்காரர்கள். ஒரு வருஷம் காட்டினோம். வலது பக்கத்துக் கருப்பு வட்டம் நடுவில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் விழாக் கமிட்டியில் இருந்த ஒரு டீ பேக்டரி முதலாளி, "எங்க டிரையர் ரூம்ல வெச்சுப் பாருங்களேன்" என்றார். டிரையர் என்பது, விறகு அடுப்பின் சூட்டுக் காற்றில் இலையைக் காய வைக்கிற பெரிய மெஷின். அந்த அறையில் எப்போதும் ஒரே சீரான கதகதப்பு. முதல்நாளே அங்கே கொண்டுபோய் வைத்து, மறுநாள் நேராக மேடைக்கு எடுத்து வந்தால், மிருதங்கம் கச்சேரி முடிகிறவரை கணீரென்று நிற்கும். எங்கள் விழாவுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. வாசம் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

விழா என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயிலை ஒட்டிய ஒரு தகரக் கூரை மண்டபம். நாங்கள் யாரும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. வயலின் வாசிப்பவர் பாங்கில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மிருதங்கக்காரர் நான் சொன்ன அந்த பேக்டரியிலேயே டீ மேக்கர், அதாவது எந்த இலையை எவ்வளவு வாட்ட வேண்டும், எவ்வளவு காய வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற ஆள். உள்ளூர்க்காரர்கள் காலையில் வாசிப்போம், பாடுவோம். கேட்க வருகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டு ஆட்கள்தான். சாயங்கால மேடை வெளியூர் வித்வான்களுக்கு. அதிலும் விஜயதசமி சாயங்காலம் என்றால் மெட்ராஸிலிருந்து ஆள் வரும். எத்தனையோ வருஷம் அந்த மேடைக்குக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, கையால் தாளம் போட்டுக்கொண்டு, 'இந்த இடத்தை நான் இதைவிட நன்றாகப் பாடுவேன்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரண விழுகையா! பச்சை இலையை விற்றால் பறித்த கூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று செடியை அப்படியே விட்டார்கள். கவாத்துப் பண்ணாத செடி ஆள் உயரத்துக்கு மரமாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் ஏலக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. தினமும் வந்து, "இன்னிக்கும் பாதி லாட்டு விக்காம அப்படியே நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார். பேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் மிருதங்கக்காரர் வேலை பார்த்ததும் ஆடி மாதம் மூடிவிட்டது. கரண்ட் பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். முதலாளி கோயம்புத்தூர் போய்விட்டார், சாவி மட்டும் டீ மேக்கரிடம் இருந்தது.

விழாவுக்கு நன்கொடை கொடுக்க ஆள் இல்லை. வெளியூர் வித்வான்களைக் கூப்பிட முடியாது, இந்த வருஷம் பத்து நாளும் நம்ம ஆட்களே பாடட்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. விஜயதசமி சாயங்காலம் எனக்கு வந்தது. ஊருக்குப் பஞ்சம், எனக்கு யோகம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அடுப்பெரியாத அந்த மாதங்களில்தான் நான் விடிகாலை எழுந்து கல்யாணி ராகத்தில் நீளமாகக் கார்வை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிருதங்கக்காரரும் அவர் மனைவியும் சிலோன் தோட்டங்களிலிருந்து சின்ன வயசில் பெற்றோரோடு வந்த குடும்பத்துக்காரர்கள். அவர் தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் வாசித்துப் பழகி, அப்புறம் முறையாகக் கற்றுக்கொண்டவர். பிள்ளைகள் இல்லை. "அந்தக் கட்டதான் இவுருக்குப் புள்ள" என்று அவர் மனைவி கேலி செய்வார். குளிர்காலத்தில் மிருதங்கத்துக்குக் கம்பளி போர்த்திவிட்டு இவர் துண்டை மூடிப் படுத்துக்கொள்வாராம். அந்த அம்மா பேக்டரியை ஒட்டின மேட்டில், பேச்சுக்குத் தோட்டம் என்று சொல்லக்கூடிய ஒரு துண்டு நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்துக் கொழுந்து பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேக்டரி மூடியபின் அதுவும் நின்றது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அந்த அம்மாவின் அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தார். அவருடைய முதலாளி புதுசாக ஒரு யூனிட் போடுகிறார், பெண்களுக்கு மடிக்கிற வேலை, கம்பெனியே தங்க ரூம் கொடுக்கும், ரூம் இருந்தால் புருஷனும் வந்து தங்கிக்கொண்டு ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம். விஜயதசமியன்று பூஜை போட்டு யூனிட் ஆரம்பம். அன்று காலை வேன் வரும், அதில் ஏறி வருகிறவர்களுக்குத்தான் இடம், வராதவர்கள் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனைவி காலையில் வேனில் முன்னால் போவது, இவர் என் கச்சேரியை வாசித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் கிளம்புவது என்று பேசி வைத்திருந்தார்கள். கோழியைக் கொடுத்துவிட்டார்கள். அம்மிக்கல்லைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. எனக்கு இதெல்லாம் தெரியும். அவரே சொன்னார்.

"இந்த ஒண்ணு வாசிச்சுட்டுப் போயிர்றேங்க டீச்சர். அங்க போனா எங்க வாசிக்கறது?"

ஆயுத பூஜையன்று சாயங்காலம் மண்டபத்தில் ஒத்திகை. வெளியே பனி சன்னல் கம்பியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டது. என் சுருதி ஐந்து கட்டை. மிருதங்கம் ஏறவே மாட்டேன் என்றது. அவர் கல்லை எடுத்து ஓரத்தைத் தட்டுவார், சேரும். நான் ஒரு பல்லவி பாடி முடிப்பதற்குள் இறங்கிவிடும். மறுபடி தட்டுவார். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. எத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த மேடை, இந்தத் தொங்கின தோல் கெடுக்கப் போகிறதே என்று.

"டிரையர் ஓடற காலமா இருந்தா இந்தத் தொந்தரவு இல்லைங்க டீச்சர்," என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி. "ஒரு ராத்திரி வெச்சா நாளைக்குக் கல்லு மாதிரி நிக்கும்."

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "அப்பப் போய் அடுப்பப் பத்த வையுங்க. அதுக்கும் ஆள் கூப்பிடணுமா? நீங்கதான டீ மேக்கர்? சாவி உங்ககிட்டத்தான இருக்குது? நாளைக்கு இந்த நனஞ்ச சாக்கத் தூக்கீட்டு மேடைக்கு மட்டும் வந்துராதீங்க."

வயலின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மிருதங்கக்காரர் என்னைவிட மூத்தவர். பள்ளிக்கூடத்துப் பையனிடம் பேசுகிற மாதிரி அவரிடம் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உறையை மெதுவாக மாட்டினார். "சரிங்க டீச்சர், பத்த வெச்சர்றேன். பேக்டரில வெறகு கொஞ்சம் கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்குப் போய் மிளகு ரசம் குடித்துவிட்டு, தொண்டைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பதினோரு மணி வாக்கில், பேட்டரியில் ஓடும் என் சுருதிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். மிருதங்கம் சேர்ந்திருக்கிறதா என்று நேரில் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். பனி விலகி, பளீரென்று வெயில். புகைபோக்கியிலிருந்து நீலமாகப் புகை போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் புகையைப் பார்த்ததும் 'அப்பாடா, செய்துவிட்டார்' என்றுதான் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

உள்ளே மெஷின்களுக்கெல்லாம் முதல்நாள் வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஓடாத மெஷின்களுக்கு அவர் பொட்டு வைத்திருந்தார். டிரையர் அறையில் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் மிருதங்கம், கம்பளி போர்த்தி. அவர் அப்போதுதான் எழுந்து முகம் கழுவி வந்திருந்தார். முகத்தில் ஒரு சங்கடம்.

"தூங்கிட்டேங்க டீச்சர். விடிய விடிய கொஞ்சங் கொஞ்சமா வெறகு போட்டுட்டே இருந்தனுங்களா, விடியக் கருக்கல்ல சூட்டுல அப்படியே அசந்துட்டேன். ஒத்திகை நேரமாகும், மண்டபத்துலயே படுத்துக்கறேன், காலைல வேன் ஏத்திவுட வரேன்னு வீட்டுல சொல்லியிருந்தேன். இன்னேரம் பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையமே போயிருக்கும். என்னைய வஞ்சுட்டே போயிருப்பா."

"நைட்டு நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கங்க," என்றேன். சிரித்தார்.

சுருதிப் பெட்டியைப் போட்டேன். அவர் கம்பளியை விலக்கி, மிருதங்கத்தை மடியில் வைத்து ஒரு தட்டு தட்டினார். ஆகா. அந்த நாதத்தை எப்படிச் சொல்வது? என் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நான் நின்றபடியே நாலு வரி பாடினேன். ஆள் இல்லாத பேக்டரியில் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டோம். அவ்வளவு சந்தோஷமான ஒரு கால் மணி நேரம் என் சங்கீத வாழ்க்கையில் வேறு இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னைக் குத்துகிறது.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பெண்கள் குரல். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும், தலையிலும் முதுகிலும் கொழுந்து மூட்டை. முன்னால் வந்தவர் மிருதங்கக்காரரின் மனைவி. ஊருக்குப் போவதற்கென்று எடுத்து வைத்த நல்ல சேலை, அதன் மேல் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியிருந்தார். தலையில் வைத்த கனகாம்பரம் வாடியிருந்தது. மூச்சு வாங்கினாலும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏங்க, பேக்டரி தொறந்தாச்சுன்னு யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லிவிடக் கூடாதா?" என்றார் உள்ளே வரும்போதே. "வேன் வந்து நின்னுருச்சு. மூட்டைய ஏத்தப் போறேன், பனி வெலகுது, பாத்தா நம்ம பேக்டரில பொக. நெருப்பில்லாம பொகையுமா? அதும் இன்னிக்கி விஜயதசமி. நல்ல நாளாப் பாத்து ஆரம்பிச்சுட்டாங்கன்னு ரோட்டு முக்குல எல்லாருக்கும் ஒரே சந்தோசம். நீங்களும் வழியனுப்ப வரல. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு, உங்கள டூட்டிக்குக் கூப்ட்டுட்டாங்கன்னு. 'எங்கண்ணங்கிட்டச் சொல்லிருங்க, நான் வரல'ன்னு டிரைவர்கிட்டச் சொல்லி வேன அனுப்பிச்சுட்டேன். முத நாளு, கொழுந்தில்லாம மெசினு சும்மா ஓடுமா? அதான் இவுங்களயும் கூட்டிட்டு ஓடி ஓடிப் பறிச்சாந்தோம்."

மூடிக்கிடந்த பேக்டரியைத் திறக்கிறவர்கள் விஜயதசமியன்றுதான் அடுப்புப் பற்ற வைப்பார்கள். மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்று காலை அந்தப் புகையைப் பார்த்து வேறு மாதிரி நினைக்க, தேயிலைச் செடியே கண்ணால் பார்க்காதவளாக இருக்க வேண்டும். ஒரு மிருதங்கத்துக்காக டிரையர் அடுப்பைப் பற்ற வைப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? என்னைப் போன்ற ஒருத்திக்குத்தான் தோன்றும்.

மிருதங்கக்காரர் எழுந்து நின்றார். மிருதங்கம் மடியிலிருந்து சாக்கின் மேல் உருண்டது. அந்த அம்மா மிருதங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது, இறங்குவதற்கு அதற்கு நேரம் பிடித்தது.

"பேக்டரி தொறக்கலம்மா," என்றார் அவர். "இதுக்குச் சூடு காட்டறதுக்குத்தான் பத்த வெச்சேன்."

பின்னால் நின்ற ஒரு அம்மா, "என்னத்துக்கு? மத்தாளத்துக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். வேண்டுமென்று சிரித்த சிரிப்பில்லை. அழ முடியாதபோது வருமே, அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் கையில் சுருதிப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அமைதியில் 'ஸா… பா… ஸா…' என்று அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அணைக்கத் தேடினால் பொத்தான் கைக்கு அகப்படவில்லை.

டீச்சர்தான் பற்ற வைக்கச் சொன்னார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் அவ்வளவு நீளம் நீண்ட வாய், அன்று திறக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் வாசிக்கிறவருக்கும் அன்று அதுதான் நடந்தது, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர் வீடு.

அந்த அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. பிறகு மூட்டையை அவிழ்த்து, இலை வாட்டுகிற நீளத் தொட்டியில் கொட்டி, கையால் பரப்ப ஆரம்பித்தார். மற்றவர்களும் வந்து பரப்பினார்கள். அந்த இலை எதற்கும் ஆகாது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். மெஷின் ஓட கரண்டே இல்லை. ஆனாலும் மூட்டையிலேயே விட்டால் கொழுந்து வெந்து சிவந்துபோகும், அதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் இருக்க முடியாது. பழக்கப்பட்ட கை. பரப்பி முடித்ததும் படங்கை உதறி மடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவர்களில் இன்னும் யாராவது வேனை விட்டவர்கள் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன்.

கடைசியாக அந்த அம்மாவும் போனபின், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அப்போது நான் கேட்டேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

"சாயங்காலம்… வந்துருவீங்கல்லங்க?"

'ஐயோ, இப்படி ஆகிவிட்டதே' என்று கேட்கவில்லை. 'நான் என்ன செய்யட்டும்' என்று கேட்கவில்லை. வந்துவிடுவீர்களா என்று கேட்டேன். மனசு முழுக்க அதுதான் இருந்தது.

"வர்றேங்க டீச்சர்," என்றார். "சொன்னா சொன்னதுதான்."

என் வீட்டில் போன் இருந்தது. திருப்பூரில் அந்த அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் எனக்குத் தெரியும், நம்பரைத் தேடிப் பிடித்து, 'உங்கள் தங்கச்சி நாளைக் காலை கட்டாயம் வந்துவிடுவார், ஒருநாள் இடத்தைப் பிடித்து வையுங்கள்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? எனக்கு இது தோன்றாமலும் இல்லை. தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஆனால் பேசினால் தொண்டை கட்டும், படபடப்பு வரும், கச்சேரி முடியட்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை என் வீட்டுக்காரரை விட்டுப் பேச வைத்தேன். முந்தின நாள் மத்தியானமே அந்த இடத்துக்கும் ரூமுக்கும் வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "மண்டபத்துல ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கி வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர் ரிசீவரை வைத்துவிட்டு. பின்னால் எல்லோரும் புத்திசாலிகள்தான். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பிரமாதமாக இருந்தது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் தேவலை. அவர் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையசைத்தார். தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது, பனி உள்ளே வந்தது, மிருதங்கம் அசையவில்லை. அவர் ஒரு தரம்கூடக் கல்லைத் தொடவில்லை. கல்யாணியில் நுழைந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாவையும் கொழுந்தையும் வேனையும் சுத்தமாக மறந்துவிட்டேன். தனியாவர்த்தனத்தில் அவர் வாசித்த வாசிப்பு அந்த மண்டபத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து, வெளியூர் வித்வான்கள் வராதது நம் பாக்கியம் என்று பேசினார். எனக்கு மாலை போட்டார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் தீபாவளி கழிந்து திருப்பூர் போனார்கள். நல்ல கம்பெனி இல்லை, ரூம் இல்லை. அவருக்குச் சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி ஷிப்ட். அதே பட்டறையில் துணி அலசப் போன அவர் மனைவிக்கு அந்தச் சாயத் தண்ணீர் ஆகாமல் கையெல்லாம் வெடித்துப்போயிற்று என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை பார்க்கப் போனேன். சந்துக்குள் ஒரு வீடு. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களைப் பற்றி விசாரித்தார்கள். மிருதங்கம் பரண்மேல் இருந்தது. இங்கே வெயிலுக்கு அது பாட்டுக்குச் சுருதி ஏறிப் போகிறது, தளர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது என்று அவர் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவும் கேட்டேன். "அட விடுங்க டீச்சர், எங்க நேரம், நீங்க என்ன செய்வீங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. பேக்டரியை இரண்டு வருஷம் கழித்து வேறு ஒருவர் வாங்கித் திறந்தார். இப்போது தினமும் புகை வருகிறது. சன்னலைத் திறந்தால் தெரியும் என்பதால் அந்தப் பக்கத்துச் சன்னலை நான் திறப்பதில்லை.

கச்சேரி முடிந்த அன்று நடந்த ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான் தாண்டினேன்.

மாலையோடு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன். அங்கே அந்த அம்மா நின்றிருந்தார். கச்சேரி முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாராம். காலையில் கட்டியிருந்த அதே நல்ல சேலை. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. புருஷனுக்குக் கை அசந்திருக்கும் என்று மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போக வந்திருந்தார். உறையோடு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், சுருதி நல்லாச் சேந்துச்சுங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இவ்வளவு போனதற்கு அதுவாவது நடந்ததா என்று.

"சேந்துச்சுங்க," என்றேன். "கடைசி வரைக்கும் எறங்கவே இல்லைங்க."

"அப்பச் சரிங்க," என்றார். தூறலில் அது நனையாமல் இருக்க முந்தானையை எடுத்து அதன் மேல் போர்த்திக்கொண்டு, படியிறங்கிப் போனார். நான் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.